அப்பாவின் மெட்டடார் வேன்... 13 வருடம் கழித்துப் போட்ட புதுத் தரை!

எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் ஒரு வேன் நிற்கிறது. மூக்கில்லாத தட்டை முகம், வெளுத்துப்போன மஞ்சள் பெயின்ட், பக்கவாட்டில் பாதி அழிந்த 'பள்ளி வாகனம்' என்ற எழுத்து. பஜாஜ் டெம்போ கம்பெனியின் மெட்டடார், 1986 மாடல். அப்பா அதை 1994-ல் பழைய வண்டியாக வாங்கி, கரூரில் எதிரெதிர் பெஞ்ச் போட்டு, குளித்தலையில் ஸ்கூல் வேனாக ஓட்டினார். நான் படித்ததும் அந்த வேனில் போய்த்தான். இரண்டாவது பெஞ்ச், ஜன்னலோரம். அது என் நிரந்தர இடம்.

2012 ஜூலையில் அந்த வேன் நின்றுபோனது. ரிப்பேர் ஆகி அல்ல. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்துபோன செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடே பதறிய நாள் அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசின் சிறப்பு விதிகள் வந்தது அதே வருடம்தான்.

அன்று ராத்திரி டிவி செய்தி முடிந்ததும் அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். எனக்கு அப்போது 12 வயது. ரப்பர் மேட்டை ஓரத்திலிருந்து பிய்த்துத் தூக்கினார். அடியில் பிளைவுட் ஊறிப்போய் இருந்தது. அதையும் தூக்கினார். இரண்டாவது பெஞ்சுக்குக் கீழே, தகரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தகரம் பப்படம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினார், பொடிந்தது.

மறுநாள் காலையில் வேன் போகவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், அந்த மாதம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் அரிசி ஆலை ஒன்றில் லோடு வண்டி ஓட்டினார். மெட்டடாரை யார் கேட்டும் விற்கவில்லை. "ஓட்டை வண்டிய இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியா?" என்பார். எடைக்குப் போடவும் மனது வரவில்லை.

சென்ற வருடம் பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நின்று விலை பேசினார். அம்மாவுக்குக் கொல்லை காலியானால் போதும். "எடைக்குப் போட்டுடலாம்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிட்டயர்டு ஆனதிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் போய் அந்த வேனின் படியில்தான் உட்காருவார். நான் சென்னையிலிருந்து போனில், "உள்பக்கத்தை மட்டுமாவது சரி பண்ணிப் பார்க்கலாம்பா" என்றேன்.

"பண்ணலாம். ஆனா சீட்டுல ஆரம்பிக்கக் கூடாது பாப்பா. தரையில ஆரம்பிக்கணும்."

இது அந்த ஒன்பது மாத வேலையின் கதை.

ஹாம்பர்க்கில் பிறந்த பேர்

வேலையைத் தொடங்கும் முன்பு வண்டியின் ஜாதகத்தைத் தேடினேன். நம்மூரில் சின்ன சரக்கு வண்டி எதைப் பார்த்தாலும் 'டெம்போ' என்கிறோமே, அது உண்மையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். அவர்கள் 1949-ல் மெட்டடார் என்ற வேனைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அதற்கு எஞ்சின் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன். பிறகு ஃபோக்ஸ்வாகனே சொந்தமாக வேன் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த எஞ்சின் வரத்து நின்றுபோனது. சினிமாக்களில் ஹிப்பிகள் பூப்போட்டு ஓட்டுகிற அந்த 'கோம்பி' வேன்தான், மெட்டடாரின் எஞ்சினைப் பறித்த போட்டியாளர்!

இந்தியாவில் 1958-ல் பஜாஜ் டெம்போ தொடங்கப்பட்டது. முதலில் மூன்று சக்கர வண்டி, 1960களின் கடைசியில் மெட்டடார். 1980களில் மெர்சிடிஸ் பென்ஸின் டீசல் எஞ்சின் அதற்குள் வந்தது. முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி என்பதால், பின்னால் தரை தாழ்வாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஏற வசதி. அதனால்தான் ஸ்கூல் வேன், கல்யாண வேன், கோயில் டூர் வேன் என்று ஊர் ஊராகப் பரவியது. கம்பெனியின் பெயர் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது.

இந்த ஜாதகத்தில் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. அந்த டீசல் எஞ்சினின் குடும்பம் டிராக்ஸ் போன்ற வண்டிகளிலும் தொடர்ந்ததால், எஞ்சின் சாமான்கள் இன்றும் கேட்டால் கிடைக்கும். டேங்கைக் கழுவி, பேட்டரி மாற்றி, ஃபில்டர்களை மாற்றியதும் எங்கள் எஞ்சின் நான்காம் நாளே உறுமியது. கதவுக் கைப்பிடி, ஜன்னல் ரப்பர், கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின், உள்பக்கப் பலகை... இவைதான் கிடைக்காது. ஏனென்றால், உள்பக்கச் சாமான்கள் அந்த மாடலோடு செத்துப்போகும்.

கோம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது பிரேசிலில் 2013 கடைசி வரை தயாரானது. அதை ஆராதிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதால், கதவுப் பலகை முதல் கைப்பிடித் திருகு வரை இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மெட்டடாருக்கு அப்படி யாரும் இல்லை. இருப்பது புதுப்பேட்டையும், கரூரும், முசிறி பக்கம் ஒரு கோழிக்கூண்டும்தான்.

"பேரைச் சொல்லாதே, சாமானைக் காட்டு"

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையோரம் இருக்கிறது புதுப்பேட்டை. பிரித்த வண்டிகளின் பாகங்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும் சந்துகள். வார விடுமுறையில் போய் நின்று, "மெட்டடார் வேன் ஜன்னல் ரப்பர் இருக்குங்களா?" என்று கேட்டேன். ஏழெட்டுக் கடைகளில் ஒரே பதில்: "அந்த வண்டியே இல்லியேம்மா."

ஒன்பதாவது கடையில் இருந்த பெரியவர்தான் வழி சொன்னார். "வண்டி பேரைச் சொன்னா எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவான் தங்கச்சி. சாமானைக் கையில எடுத்துட்டு வா. இது எதுல பொருந்தும்னு அவன் தேடுவான்."

அந்த ஒரு வரி எங்கள் தேடலையே மாற்றிவிட்டது. அந்தக் காலத்தில் சுவிட்ச், விளக்கு, மீட்டர் போன்றவற்றை எல்லாக் கம்பெனிகளுமே வெளியில் ஒருசில சப்ளையர்களிடம்தான் வாங்கின. ஒரே சுவிட்ச் ஒரு வேனிலும் இருக்கும், ஒரு டிராக்டரிலும் இருக்கும். அடுத்த வாரம் ஒரு துணிப்பையில் உடைந்த கைப்பிடி, உள்விளக்கு மூடி, சுவிட்ச் எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். உள்விளக்கு மூடி அரை மணி நேரத்தில் கிடைத்தது. எந்த வண்டியில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆனால், திருகு ஓட்டைகூட மாறாமல் உட்கார்ந்தது.

ரப்பரில்தான் அடிபட்டேன். அவசரப்பட்டு ஒரு கடையில் 'இதுதான் மெட்டடார் பீடிங்' என்று சொன்னதை நம்பி முழு வண்டிக்கும் வாங்கி ஊருக்கு அனுப்பினேன். கண்ணாடி உட்காரும் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் அகலம். கண்ணாடி ஆடியது. பணம் போனது போனதுதான். பிறகு அப்பா பழைய ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டி, பேப்பரில் சுற்றி அனுப்பினார். அந்தத் துண்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் காட்டினேன். ஒரு கடைக்காரர் அதன் வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஜன்னலுக்குப் போகும் ரப்பர் ரோலை எடுத்து வைத்தார். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன.

கண்ணாடி ஏற்றும் மெஷினும், டிரைவர் சீட்டின் இரும்புச் சட்டமும் கிடைத்த கதை தனி. பாலம் தாண்டி முசிறிப் பக்கம் ஒரு வாழைத்தோப்பில் மெட்டடார் ஒன்று சக்கரமில்லாமல் கிடப்பதாக அப்பாவின் பழைய டிரைவர் நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தால், அது கோழிக்கூண்டாக இருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். "கண்ணாடி மெஷினைக் கழட்டினா கதவு நிக்காது. கீரி வந்துடும். கூண்டுக்கு ஒரு கம்பிவலைக் கதவு போட்டுக் குடுங்க, எடுத்துக்கங்க" என்றார். குஞ்சு பொரிக்கும் வரை சீட்டுக்குக் காத்திருந்தோம்.

"பட்டி தடவி மூடிடலாம்ணே"

சாமான் தேடல் ஒருபக்கம் நடக்க, ஊரில் வேனை மொத்தமாகப் பிரித்தார்கள். பெஞ்சுகள், பக்கப் பலகைகள், மேற்கூரைத் துணி எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பு போனில் போட்டோ எடுக்கச் சொன்னேன். கழற்றிய திருகுகளை அம்மா மசாலா டப்பாக்களில் போட்டு, 'இடது கதவு', 'பின் ஜன்னல்' என்று எழுதி ஒட்டினார். எடைக்குப் போடச் சொன்ன அதே அம்மா!

தரையைப் பார்த்த டிங்கர் அண்ணன் சொன்னது இது: "ஓடப்போற வண்டியா என்ன? ஃபைபர் ஷீட்டை ஒட்டி, பட்டி தடவி, மேல மேட்டைப் போட்டு மூடிடலாம்ணே. பாதி செலவுல முடிஞ்சிடும்."

அப்பா குரலை உயர்த்தி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று போனிலேயே கேட்டது. "மூடி வெச்சதாலதான்டா ஓட்டை விழுந்துச்சு!"

அவர் சொன்னது உண்மை. அந்தத் துரு மேலேயிருந்து வரவில்லை. ஜன்னல் ரப்பர் காய்ந்து வெடித்ததில் மழைத் தண்ணீர் பக்கப் பலகைக்குள் இறங்கியிருக்கிறது. பிள்ளைகளின் ஈர ஷூ, கவிழ்ந்த தண்ணீர் பாட்டில் வேறு. எல்லாம் மேட்டுக்கு அடியில் போய்த் தங்கி, காயவே வழியில்லாமல் வருடக்கணக்கில் தகரத்தைத் தின்றிருக்கிறது. மேலே மேட் மட்டும் பளபளவென்று இருந்தது. அப்பா தினமும் அதைத் துடைத்து வைப்பார்.

கெட்ட தகரத்தை, நல்ல தகரம் தட்டுப்படும் வரை வெட்டி எடுத்தார்கள். ரூபாய் நாணயமாகத் தெரிந்த ஓட்டை, வெட்டி முடித்தபோது கதவுப் பலகை அளவுக்கு இருந்தது. அந்த போட்டோவை அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. என் இடம் அதற்கு நேர் மேலே.

18 கேஜ் ஷீட்டில் புதுத் துண்டு வெட்டி வெல்டிங் வைத்து, மீதித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலும் கீழும் ரெட் ஆக்சைடு அடித்து, இணைப்புகளில் சீலர் பூசினார்கள். தண்ணீர் இறங்கினால் வெளியே போக, தரையில் முதலிலேயே இருந்த வடிகால் துளைகளை அடைக்காமல் விட்டார்கள். அதன் மேல் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். அதன் விளிம்புகளுக்கும் வார்னிஷ் அடிக்க வைத்தார் அப்பா. தண்ணீர் முதலில் குடிப்பது விளிம்புதானாம்.

அடுத்தது ஜன்னல்கள். ரப்பரின் பள்ளத்தில் நூல் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பர் உதடு வழுக்கிக்கொண்டு தகரத்தைக் கவ்விக்கொள்ளும். முடிந்ததும் அரை மணி நேரம் ஓஸ் வைத்து வண்டி மேல் தண்ணீர் அடித்தார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து, எங்கே சொட்டுகிறது என்று பார்த்துச் சொன்னார். இரண்டு இடம். சரி செய்து மறுபடியும் அடித்தார்கள். அதற்கப்புறம்தான் உள் அலங்காரத்தைப் பற்றியே பேச்சு.

பெஞ்சுக்குள் கிடைத்த புதையல்

பெஞ்சுகள் குஷன் ஒர்க்ஸ் பாயிடம் போயின. ரெக்சினைக் கிழித்ததும் உள்ளே ரப்பர் பால் ஏற்றிய தென்னை நார் மெத்தை. ஃபோம் எல்லா இடத்துக்கும் வருவதற்கு முன்பு வண்டி சீட்டுகளில் அதுதான் சாதாரணம். பாதி நார் பொடியாகியிருந்தது. நடுவில் சிலேட்டுக்குச்சி, ஹேர்பின், ரப்பர் வளையல், பென்சில் துண்டுகள், 2011 ஜூனோடு செல்லாமல்போன 25 காசுகள் மூன்று. பாய் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

"இப்ப எல்லாரும் ஃபோம்தான் போடுறாங்க, கார் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற ரெக்சின் போடுவோமா?" என்று கேட்டார். அப்பா பழைய துண்டையே காட்டினார். மெரூன் ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். ஆனால், உள்ளே நாருக்குப் பதில் கெட்டி ஃபோமுக்கு ஒத்துக்கொண்டார். நார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். ஈரம் என்றாலே இப்போது அவருக்கு ஆகாது.

பக்கப் பலகைகளில் ஒரு சிக்கல். பழைய ஹார்ட்போர்டு ஊறி வளைந்துவிட்டது. ஆனால், காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள் அதில் நிறைய. எங்கள் பேட்ச் பிள்ளைகள், எங்களுக்கு முந்தைய பேட்ச், யாரோ ஒரு டீச்சரின் பட்டப்பெயர். பழையதை அப்படியே மாட்டினால் பத்து மாதத்தில் உதிர்ந்துவிடும். கடைசியில் அதையே அச்சாக வைத்துப் புதுப் பலகை வெட்டினோம். பழையதைத் துடைத்துக் காயவைத்து, வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். அம்மா மட்டும் இன்னும் முறைக்கிறார்.

பலகையை மூடும் முன்பு வயரிங்கைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. இந்த வண்டியில் எஞ்சின் இருப்பது உள்ளே, முன் சீட்டுகளுக்கு நடுவில். அந்தச் சூட்டில் பக்கத்தில் ஓடிய வயர்களின் மேல்தோல் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மொத்தமும் புதிதாக மாற்றி, ஃபியூஸ் போட்டார் எலெக்ட்ரீஷியன்.

நீங்களும் பழைய வேனில் கைவைக்கிறீர்களா?

* தண்ணீர் கசிவு முதலில், தரை இரண்டாவது, வயரிங் மூன்றாவது. சீட்டும் துணியும் கடைசி. வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

* ரப்பர் வாங்கப் போகும்போது இரண்டு அங்குல பழைய துண்டு பையில் இருக்கட்டும். ஒரு ஜன்னலுக்கு மட்டும் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

* உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். புதிது செய்ய அதுதான் அச்சு.

* எஞ்சின் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் பழைய வெப்பத் தடுப்பு, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்து, முகக்கவசத்தோடு எடுங்கள். அந்த இடத்தில் தெர்மாகோல், சாதா ஃபோம் வேண்டாம், தீப்பிடிக்கும்.

* துருப்பிடித்த தரைக்குப் பட்டியும் ஃபைபரும் மருந்தல்ல. வெட்டி எடுத்துவிட்டுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதுதான் சரி.

* உங்கள் வண்டி முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிவிட்டதா? 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகள் வரும் தனி எண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தப் பதிவு கிடைக்காது. அதனால், ஜன்னல் வெட்டுவது, கூரையை உயர்த்துவது போன்ற ஆசைகளுக்கு முன்பு ஒருமுறை யோசியுங்கள். தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான்.

எங்கள் மெட்டடாருக்கு அந்தத் தகுதி 2036-ல்தான் வரும். அதுவரை பதிவு, எஃப்.சி என்று காகித வேலை நிறைய இருக்கிறது. அது முடியும் வரை ரோட்டில் ஏற்றப்போவதில்லை. இதுவரை 92,000 ரூபாய் செலவு. வேப்பமரத்தடியிலிருந்து வாசல் கேட் வரை முப்பது அடி ஓடியிருக்கிறது.

ஒட்டாத மேட்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, தரையில் மேட் விரிக்கும் வேலை மட்டும் பாக்கி. கம் டப்பாவோடு வந்த பாயிடம் அப்பா, "ஒட்ட வேண்டாம்" என்றார். ஓரங்களில் பட்டன் வைத்துத் தைக்கச் சொன்னார். இழுத்தால் கையோடு வர வேண்டும். கீழே இருக்கும் பிளைவுட்டிலும், அந்தப் புதுத் தகரத்துக்கு நேராக ஒரு சதுரம் வெட்டி, மூடி மாதிரி கழற்றி மாட்ட வைத்திருந்தார்.

"அழகா இருக்காதுண்ணே, சுருங்கும்" என்றார் பாய்.

"சுருங்கட்டும். யாரு வேணா தூக்கிப் பாக்கணும்."

எல்லோரும் போன பிறகு அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினார். முன்னும் பின்னும் நடந்தார். இரண்டாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார். திம் என்று கெட்டியான சத்தம். இன்னொரு முறை மிதித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன் எடம்தானே? உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். முட்டி எதிர் பெஞ்சில் இடித்தது.

"13 வருஷமா இந்த ஓட்டை மேல உன்னை உக்கார வெச்சு ஓட்டுன நெனப்புதான் பாப்பா எனக்கு" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மேட்டை ஒரு மூலையில் பிடித்து இழுத்தேன். பட்டன்கள் 'டப் டப்' என்று கழன்றன. மூடியைத் தூக்கினேன். சிவப்பு பெயின்ட் அடித்த தகரம், சுத்தமாக, காய்ந்து இருந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்பு, மே மாதத்தில், அதிகாரிகள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அது நடக்கட்டும். அதோடு, அடுத்த முறை உங்கள் பிள்ளையின் வேன் வாசலில் வந்து நிற்கும்போது, டிரைவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த மேட்டின் ஓரத்தை நீங்களும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் அப்பாவாக இருந்தால், டார்ச் லைட்டையும் எடுத்துக் கொடுப்பார்.